கல்லெண்ணெயும் உப்புத் தண்ணீரும்

அஸ்ஸாம் பக்கத்திலிருந்து அந்த இரண்டு டின்களும் காட்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது, பார்சல் ஆபீஸ்காரர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டுதான் எங்களிடம் கையெழுத்து வாங்கினார்.

"இன்னா சார் இது, உள்ள எதுனா செத்துக் கெடக்குதா?"

"இல்லீங்க. கல்லைச் சுட்டு எடுத்த எண்ணெய்," என்றார் எங்கள் சார்.

"கல்லு இப்பிடி நாறுமா?"

ஆளுக்கொரு டின்னைத் தூக்கிக்கொண்டு வேலூர் வந்து, அங்கிருந்து ஆம்பூர் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் எங்கள் காலடியைப் பார்த்து, "தோலா?" என்றார். எண்ணெய் என்றேன். "தோலே தேவலாம் சாமி," என்று சொல்லி விசில் ஊதிவிட்டார். பஸ்ஸில் வேறு யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? நெடுஞ்சாலை ஓரம் முழுக்கத் தோல் பதனிடும் ஷாப்புகள் இருக்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். பச்சைத் தோல், சுண்ணாம்புக் குழி, உப்புக் கிடங்கு எல்லாம் கலந்த காற்றைத்தான் பிறந்த நாளிலிருந்து இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறோம். எழுபதுகளின் கடைசியில் வேறு ஊரில் அந்த டின்களைத் திறந்திருந்தால் தெருவே கூடியிருக்கும். எங்கள் ஊரில் பக்கத்து வகுப்புப் பையன்கள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

நான் அப்போது ஆம்பூர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் துறை லேப் அட்டெண்டர். எட்டாவதோடு படிப்பு நின்றது. பாட்டில்களின் மேல் ஒட்டியிருக்கும் பெயர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டப் பழகினேன். திக்காமல் படித்த முதல் வார்த்தை சோடியம். அந்தப் பாட்டில்தான் அலமாரியில் அதிகம். யாராவது நன்றாக ஒரு வார்த்தை சொன்னால் அதை விடமாட்டேன். வெற்றிலைச் சாறு மாதிரி வாயில் வைத்துக்கொண்டே திரிவேன். வீட்டில் பேச ஆளில்லாதவனுக்கு அதுவும் ஒரு துணைதான். மனைவி தவறிச் சில வருடம் ஆகியிருந்தது. மகள் கல்யாணமாகிக் கோலார் பக்கம் போய்விட்டாள்.

சார் என்று நான் சொல்வது எங்கள் துறை விரிவுரையாளரை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர், இந்த மண்ணிலேயே பிறந்தவர். அவர் மனைவி வேலூரில் நர்ஸாக இருந்து, பிறகு குவைத்துக்கு வேலைக்குப் போனவர். போகும்போது சாரிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனாராம். அதை சார் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வது மாதிரி.

"அண்ணே, அவ சொன்னா. நீங்க அந்த டாக்டர் பட்டத்த முடிச்சி மேல போய்ட்டீங்கன்னா, எனக்கு இன்னாத்துக்கு இந்தப் பாலைவனம்? உங்க வேல முடிஞ்ச மறுநாளே வந்துடறேன்னு."

அந்த டின் எண்ணெயில்தான் அவர் பட்டம் இருந்தது. பட்டத்தில்தான் அவர் மனைவி திரும்பி வருவது இருந்தது. இது தெரியாதவர்கள் எங்கள் கல்லூரியில் யாருமில்லை. கல்லூரி வாசலில் டீக்கடை வைத்திருந்த பாய்க்கு இதுதான் தினசரி வேடிக்கை.

"ஊட்டுக்காரம்மா எண்ணெய் ஊத்தெடுக்கிற தேசத்துல கீறாங்க. வாத்தியாரு இங்க கல்லப் புழிஞ்சி எண்ணெய் எடுக்கிறாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல கப்பல்காரனுக்குத்தான் லாபம்," என்பார்.

சார் சிரித்துக்கொண்டே டீயை ஊதிக் குடிப்பார். கோபம் வராத மனிதர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஜெபம் முடிந்ததும் யாரும் வந்து விசாரிப்பதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு லேப்புக்கு வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை எனக்கும் போக இடமில்லை. நானும் வந்துவிடுவேன். கதவைத் திறந்து வைத்துவிட்டு இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்போம். நான்தான் பேசுவேன், அவர் கேட்பார் என்று வையுங்கள்.

அவர் செய்த வேலையை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். கல்லைச் சுட்டு வரும் எண்ணெய் கெட்டியாக, கறுப்பாக இருக்கும். மார்கழிக் காலையில் டின்னைச் சாய்த்தால் மெழுகு மாதிரி அசையாமல் நிற்கும். அதை அப்படியே வண்டியில் ஊற்ற முடியாது. பெரிய பெரிய துணுக்குகளாக இருப்பதை உடைத்துச் சின்னதாக்கினால்தான் பெட்ரோல் மாதிரி ஓடும். அந்த உடைக்கிற வேலையைச் செய்வது ஒரு வெள்ளை மண். புத்தகத்தில் அதற்கு வினையூக்கி என்று பெயர். நாங்கள் கேட்டலிஸ்ட் என்றே சொல்வோம். நொய்யரிசி அளவுக்கு உடைத்த அந்த மண்ணை ஓர் இரும்புக் குழாய்க்குள் போட்டு, குழாயை மின்சார அடுப்புக்குள் சொருகி, மேலேயிருந்து எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். ஆவியாகி அந்த நொய்யின் ஊடே இறங்கும்போது எண்ணெய் உடையும். கீழே ஐஸ் கட்டிக்குள் வைத்த பாட்டிலில் தெளிந்து இறங்கும். எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கணக்கு.

"அப்போ இதுல இன்னா சார் கஷ்டம்?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"அண்ணே, நம்ம டவுன் பஸ்ஸ எடுத்துக்குங்க," என்றார். "இந்த நொய்யில ஒவ்வொண்ணுலயும் குட்டிக் குட்டி சீட்டு இருக்குது. எல்லாம் புளிப்பான சீட்டு. எண்ணெய் வந்து உக்காரும், ஒடையும், எழுந்து போய்டும். அடுத்தது உக்காரும். ஆனா இந்தக் கல்லெண்ணெயில நைட்ரஜன் இருக்கிற அழுக்கு ஒண்ணு கீது. மத்த எண்ணெயில அது கம்மி, இதுல ஜாஸ்தி. புளிப்பக் கண்டா ஓடிப்போய் ஒட்டிக்கும். ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிக்கிறான் பாருங்க, அவன் மாதிரி. தானும் உக்கார மாட்டான், அடுத்தவனையும் உட மாட்டான்."

"அப்ப துண்ட எடுத்துக் கடாசணும்."

"அதான் என் தீசிஸே. பஸ் ஏறதுக்கு முந்தியே துண்டுக்காரன நிறுத்திடணும்."

அதற்கு அவர் வைத்திருந்த வழி, எண்ணெயை அமிலத்தோடு சேர்த்துக் குலுக்குவது. நைட்ரஜன் அழுக்கு அமிலத்தோடு போய்விடும். கழுவிய எண்ணெய் மேலே மிதக்கும். ஒரு குழாயில் கழுவாத எண்ணெய், இன்னொன்றில் கழுவிய எண்ணெய். கழுவாததில் நொய் சீக்கிரம் செத்துப்போகும், கழுவியதில் தெம்பாக வேலை செய்யும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டால் பட்டம். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது.

நடந்தது வேறு. கழுவாத எண்ணெயை விட்டோம். நொய் மந்தமாக வேலை செய்தது. சரி, எதிர்பார்த்ததுதான். கழுவிய எண்ணெயை விட்டோம். அதுவும் அதே மந்தம். சார் அமிலத்தை இன்னும் கொஞ்சம் கெட்டியாக எடுத்து மறுபடி கழுவினார். அப்போதும் அப்படியே. நடுவில் கரண்ட் கட். அடுப்பு ஆறிப்போய், குழாயில் எண்ணெய் கரியாக ஒட்டிக்கொள்ளும். காற்றை ஊதி அந்தக் கரியை எரித்து, நொய்யைத் திரும்ப வெள்ளையாக்கி, மறுபடி எண்ணெயை விடுவோம். கரி போகும், மந்தம் போகாது. ஒவ்வொரு தடவையும் டின்னில் எண்ணெய் ஒரு விரற்கடை இறங்கும். முதல் டின் முடிந்து, கவிழ்த்து வைத்தோம்.

சார் வேறு மாதிரியும் யோசித்தார். எண்ணெயில் ஆர்சனிக் இருக்கலாம், இரும்பு இருக்கலாம், கல்லிலிருந்து வேறு ஏதாவது வந்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பழி போட்டார். அந்த எண்ணெய் மேல் அவர் போடாத பழியே இல்லை. அனுப்பிய நண்பரிடம் இன்னொரு டின் கேட்டார். அந்தப் பக்கம் கலவரம், ரயில் சரியாக ஓடவில்லை, நண்பரும் அந்த வேலையை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று தெரிந்தது. ஆக இருப்பது ஒரே டின். அதுவும் பாதிக்குக் கீழே.

"இன்னா வாத்தியாரே, கல்லு கரைஞ்சுதா?" என்று பாய் கேட்டபோது சார் முதல் முறையாகச் சிரிக்கவில்லை. டீயைப் பாதி வைத்துவிட்டுப் போனார். பாய் அந்த கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேஜாராப் போச்சுப்பா. இனிமே அத கேக்க மாட்டேன். தனியா குடிக்கிற மனுசன், பாதி டீ வச்சிட்டுப் போனா அந்த மீதியக் கேக்கறதுக்கு ஆள் இல்ல பாரு," என்றார் என்னிடம்.

அதையும் நான் வாயில் போட்டு வைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் சார் வீட்டுக்குப் போவதையே தள்ளிப்போட்டார். போனால் சமைக்க வேண்டும். மனைவி போகும்வரை அடுப்புப் பக்கம் போகாதவர். பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் கேட்டுக் கேட்டுச் சோறு வடிக்கக் கற்றார். "இன்னிக்கு சோறு குழையல அண்ணே," என்று ஏதோ பரீட்சையில் பாஸானவர் மாதிரி காலையில் வந்து சொல்வார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், விஷயமே அங்கேதான் இருந்தது. அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் சார் ஒரு பாட்டிலோடு வந்தார். மாதனூர் பக்கம் பங்க்கில் பிடித்த சாதாரண டீசல்.

"இத வுடலாம் அண்ணே. இதுல துண்டுக்காரன் யாரும் இல்ல. இதுல நம்ம கேட்டலிஸ்ட் குதிரையா ஓடணும்."

புதிய நொய்யைப் போட்டு, டீசலைச் சொட்டவிட்டோம். ஓடவில்லை. கல்லெண்ணெயில் எவ்வளவு மந்தமோ, டீசலிலும் கிட்டத்தட்ட அவ்வளவு மந்தம்.

சார் அடுப்பை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "யாருமே ஏறல. ஆனா சீட்டெல்லாம் ஃபுல்லா கீது."

"அப்ப டிப்போலயே துண்டு போட்டுட்டானுங்களா சார்?" என்றேன் விளையாட்டாக.

அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். பர்னரைப் பற்றவைத்து, பிளாட்டினம் கம்பியை அமிலத்தில் நனைத்து, அடுப்பில் சுட்ட நொய்யைப் பொடித்து அதில் தொட்டு, நீலச் சுடரில் காட்டினார். சுடர் மஞ்சளானது. சாதாரண மஞ்சள் இல்லை. சாமந்திப்பூவைக் கசக்கிப் போட்ட மாதிரி ஒரு மஞ்சள். அது நின்று எரிந்தது, அணையவே இல்லை. எங்கள் கை, முகம், சுவர் எல்லாம் அந்த நிறமாகிவிட்டது.

பிறகு அலமாரியிலிருந்து இன்னொரு சின்ன பாட்டிலை எடுத்தார். அதே மண்தான். நொய்யாக உடைப்பதற்கு முன்பு கொஞ்சம் எடுத்து மூடி வைத்திருந்தது. அதைத் தொட்டுக் காட்டினார். லேசாக ஒரு மஞ்சள் வந்து, உடனே போய்விட்டது.

"சோடியம்," என்றார். "உடைக்கிறதுக்கு முந்தி இல்ல. உடைச்சதுக்கப்புறம் வந்திருக்குது."

அந்த மண் முதலில் வரும்போது சோடியத்தோடுதான் வரும். அதை வெளியேற்றி, புளிப்பை உள்ளே ஏற்றுவதற்கென்றே அவர் நாள்கணக்கில் மெனக்கெட்டிருந்தார். வேலூரில் பேட்டரி கடையிலிருந்து கண்ணாடி ஜாடிகளில் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கி வந்து, அம்மோனியம் உப்பைக் கரைத்து, அதில் மண்ணை ஊறவைத்து, வடித்து, மறுபடி ஊறவைத்து, ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுவது மாதிரி செய்தார். பிறகு காயவைத்து, வில்லையாக அழுத்தி, நொய்யாக உடைத்து, சல்லடையில் சலித்து...

சார் பேச்சை நிறுத்திவிட்டு வாஷ்பேசின் பக்கம் திரும்பினார். அங்கே ஓர் எவர்சில்வர் சட்டி கவிழ்த்து வைத்திருந்தது.

எங்கள் ஊரில் தண்ணீர் இரண்டு. குழாயில் வருவது உப்புத் தண்ணீர். பாலாற்றங்கரை முழுக்கத் தோலில் ஏறிய உப்பு கரைந்து கரைந்து மண்ணுக்குள் இறங்கி, போர் போட்ட இடமெல்லாம் உப்பு. அதில் துணி துவைக்கலாம், பாத்திரம் கழுவலாம். நல்ல தண்ணீர் வண்டியில் வரும். ஒடுகத்தூர் மலையடிவாரப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து பீப்பாயில் நிரப்பி மாட்டு வண்டியில் கொண்டு வருவார் ஒருவர். குடத்தில் ஊற்றும்போது ஒரு சொட்டு சிந்தினாலும் அவர் முகம் சுருங்கும். "அண்ணே, இது தொண்டைக்குள்ள போற தண்ணி. கைல ஊத்திக் கழுவிட்டா எனக்குத்தான் பாவம்," என்பார். அதனால் எங்கள் பக்கத்தில் அரிசி கழுவுவதற்கு ஒரு முறை உண்டு. முதல் கழுவலும் இரண்டாவது கழுவலும் உப்புத் தண்ணீரில். தூசி, தவிடு எல்லாம் அதோடு போய்விடும். கடைசியாக நல்ல தண்ணீரை ஒரு கை ஊற்றி அலசி, உலையில் போடுவோம். ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வரை எந்த வீட்டிலும் இப்படித்தான். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதுகூட இல்லை.

சல்லடையில் சலித்த நொய்யில் தூசி இருந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். அந்தத் தூசி போக சார் ஒவ்வொரு முறையும் நொய்யைச் சட்டியில் போட்டு, குழாய்த் தண்ணீரில் இரண்டு முறை களைந்து, சட்டியைச் சாய்த்து வெள்ளைத் தண்ணீரை வடித்துவிட்டு, கடைசியில் பேட்டரித் தண்ணீரை ஒரு கை ஊற்றி அலசி அடுப்பில் வைத்தார். பக்கத்தில் நின்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணுக்குத் தப்பாகவே படவில்லை. எப்படிப் படும்? நானும் தினம் அப்படித்தானே கழுவுகிறேன்.

"அரிசி கழுவற மாதிரி கழுவியிருக்கேன் அண்ணே," என்றார் சார்.

"கடைசியா நல்ல தண்ணி ஊத்தினீங்களே சார்?"

"அது அரிசிக்குப் போதும். இதுக்குப் போதாது. உப்பு மேல ஒட்டியிருந்தா அலசினா போய்டும். இது உள்ள போய் சீட்டுல உக்காந்துட்டுது."

கொஞ்ச நேரம் கழித்துச் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது.

"அவ இங்க இருந்திருந்தா எனக்கு அரிசி கழுவவே தெரிஞ்சிருக்காது," என்றார்.

அந்த வார்த்தையை மட்டும் நான் வாயில் போட்டுக்கொள்ளவில்லை. பர்னரை அணைத்துவிட்டு ஜன்னல்களைத் திறந்தேன்.

தப்பு தெரிந்துவிட்டது, சரிதான். ஆனால் எண்ணெய்? டின்னைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் ஒரு பாட்டில் அளவுக்குத்தான் இருந்தது. புது நொய்யை முழுக்க முழுக்கப் பேட்டரித் தண்ணீரிலேயே கழுவி எடுத்தாலும், குழாயில் ஒரு தடவை ஓட்டத்தான் எண்ணெய் வரும். கழுவிய எண்ணெயை விட்டால் கழுவாதது இல்லை. கழுவாததை விட்டால் கழுவியது இல்லை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை நம்பு என்றால் பரீட்சை பண்ண வருகிறவர் நம்புவாரா?

சார் சில நாள் எதுவும் செய்யவில்லை. வகுப்பு எடுத்தார், வந்தார், உட்கார்ந்தார். பாயிடமிருந்து சம்சா வாங்கி வந்து வைத்தேன். ஆறிப்போனது.

ஜன்னலோரம் ஒரு பழுப்பு ஜாடி இருந்தது. எண்ணெயைக் குலுக்கிய அமிலம் அதில்தான் சேர்ந்துகொண்டே வந்தது. தார் மாதிரி, தொட்டால் கை எரியும். ஆரம்பத்தில் அதை நான் கொட்டப் போனபோது சார் தடுத்திருந்தார். "எங்க கொட்டுவீங்க? எங்க கொட்டினாலும் ஆத்துக்குத்தான் போகும். அதுக்கு ஏற்கெனவே போதும் போதும்னு கீது," என்றார். அப்படியே இருந்த ஜாடி அது. ஒரு நாள் காலையில் வந்தபோது சார் அந்த ஜாடியை மேஜை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் தெளிந்திருந்தது.

"அண்ணே, துண்டுக்காரனுங்க எல்லாரும் இதுக்குள்ளதான் கீறானுங்க."

கல்லெண்ணெயிலிருந்து பிரித்த நைட்ரஜன் அழுக்கு முழுவதும் அந்த ஜாடியில் இருந்தது. அதைக் காரம் விட்டு முறித்து, அழுக்கைத் தனியாகப் பிரித்து, வடித்த தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி எடுத்தார். மீன் செதில் அழுகிய மாதிரி ஒரு வாடை. அன்றைக்கு டீக்கடை வரை அடித்தது. "தோல் ஷாப்பு தோத்துப் போச்சு," என்றார் பாய். அந்த அழுக்கைச் சில சொட்டு சுத்தமான டீசலில் கலந்து, பேட்டரித் தண்ணீரிலேயே கழுவிய புது நொய்யில் விட்டோம். கலக்காத டீசலில் நொய் குதிரையாகத்தான் ஓடியது. அழுக்கு கலந்ததும் மளமளவென்று சோர்ந்துபோனது. சொட்டுக் கூட்டினால் சோர்வு கூடியது, குறைத்தால் குறைந்தது. பிறகு காற்றை ஊதி எரித்தோம். கரியோடு சேர்ந்து அழுக்கும் எரிந்து போய், நொய் பழையபடி எழுந்து நின்றது.

"துண்டு எரிஞ்சி போச்சு," என்றேன்.

"ஆமா. ஆனா நம்ம உப்பு எரியாது. எத்தன தடவ காத்து ஊதினோம், போச்சா? துண்டு எடுத்தா சீட்டு மிஞ்சும் அண்ணே. உப்பு உக்காந்த சீட்டு இனி சீட்டே இல்ல."

வீணாய்ப் போனதென்று நினைத்திருந்த பழைய ஓட்டங்கள் எல்லாம் அதில் ஓர் அத்தியாயம் ஆயின. எண்ணெயோடு வருகிற அழுக்கு நெருப்பில் போகிறது, தண்ணீரோடு வந்த உப்பு போகவில்லை என்று. டின்னின் அடியில் இருந்த கடைசி எண்ணெயைக் கழுவி, கடைசி ஓட்டமாக விட்டார். ஐஸுக்குள் இருந்த பாட்டிலில் தேன் நிறத்தில் இறங்கியது. நாங்கள் இருவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மனதுக்குள் நான் குவைத்திலிருந்து அந்த அம்மாவுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.

பட்டம் கிடைக்கக் காலம் பிடித்தது. பரீட்சை பண்ண வந்தவர் அரிசி கழுவிய கதையைக் கேட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தாராம். சார் கல்லூரிக்கு வந்து இறங்கியபோது பாய் கல்கண்டு வாங்கி வைத்திருந்தார். "கல்லு கரைஞ்சுதுப்பா," என்று எல்லோருக்கும் கொடுத்தார். அன்றைக்கு சார் டீயை முழுதாகக் குடித்தார்.

அந்த அம்மா வந்தார். சொன்ன சொல் தவறவில்லை. ஒரு டேப் ரெக்கார்டர், எனக்கு ஒரு டார்ச் லைட், பாய்க்குப் பேரீச்சம்பழம். நல்ல கலகலப்பான பெண்மணி, கையை வீசி வீசி நடப்பார். ஒரு நாள் லேப்புக்கு வந்து குழாய், அடுப்பு, ஜாடி எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். கவிழ்த்து வைத்திருந்த அந்த எவர்சில்வர் சட்டியைக் கையில் எடுத்து, "இதுதானா?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, இவரு உங்களப் பத்திதான் எப்பவும் சொல்வாரு. உங்ககிட்ட முன்னாடியே சொல்லணும்னு இருந்தேன். அங்க ஒரு ரிஃபைனரி லேப்ல ஆள் கேக்கறாங்க. இவரு படிச்சதேதான், கேட்டலிஸ்ட் ஏன் கெட்டுப்போகுதுன்னு பாக்கிற வேல. பட்டம் இருக்கிறதால உடனே எடுத்துக்கறாங்க."

நான் சாரைப் பார்த்தேன். அவர் குழாயின் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

"ரொம்ப சந்தோஷம்மா," என்றேன். உண்மையாகவே சந்தோஷம்தான். வேலை முடிந்தால் அவர் தனியாகச் சோறு வடிக்க வேண்டியதில்லை என்றுதானே நானும் ஆசைப்பட்டேன். அது நடந்துவிட்டது. எந்த ஊரில் என்று நான் யோசிக்காமல் விட்டது என் பாடு.

புறப்படுகிற அன்று காட்பாடிக்கு நானும் போனேன். டின்கள் வந்து இறங்கிய அதே பிளாட்பாரம். பெட்டிகளை நான் ஏற்றிக் கொடுத்தேன். சார்தான் பேசினார்.

"அங்க கடல் தண்ணியக் காய்ச்சி வடிச்சிதான் குழாய்ல வுடறாங்களாம் அண்ணே. வீட்டுக் குழாயத் தொறந்தா பேட்டரி தண்ணி."

"அப்ப அரிசிய எப்படி வேணா கழுவலாம்," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். வண்டி நகர்ந்த பிறகுதான் விட்டார்.

அடுத்து வந்த விரிவுரையாளருக்கு எண்ணெயில் நாட்டமில்லை. குழாயைக் கழற்றிச் சாக்கில் சுற்றி அலமாரி மேல் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்ச நாள் பழக்கத்தில் லேப் வரை போய், பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு பாய் கடையில் உட்கார்ந்தேன். பாய் வேடிக்கை பேச ஆளில்லாமல் தவித்தார். என்னைச் சீண்டிப் பார்ப்பார். எனக்கு யாரும் எந்த தேசத்திலும் இல்லாததால் அவருக்கு வார்த்தை சிக்கவில்லை.

ஒரு முறை அலமாரியின் அடியைப் பெருக்கும்போது, பேட்டரித் தண்ணீர் ஜாடி ஒன்று கால்வாசியோடு கிடைத்தது. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. யாருக்கும் வேண்டாம் என்றார்கள். வீட்டுக்கு எடுத்து வந்தேன். என்னவோ தோன்றியது, அன்றைக்கு மத்தியானம் அரிசியை முதல் கழுவலிலிருந்து கடைசி வரை அந்தத் தண்ணீரிலேயே கழுவி, அதிலேயே உலை வைத்தேன். எங்கள் தண்ணீரில் சோறு எப்போதும் லேசான பழுப்பு நிறத்தில்தான் வரும். அன்றைக்கு மல்லிகைப்பூ மாதிரி வெள்ளை. வாயில் வைத்தால் ஒரு ருசியும் இல்லை. உப்பைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். நடுவில் ஒரு முறை, "சோறு குழையல சார்," என்று வாய்விட்டே சொன்னேன்.

மறுநாள் காலையில் தண்ணீர் வண்டி வந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். "இன்னாண்ணே, இன்னிக்கும் ஒரு கொடந்தானா?" என்று வண்டிக்காரர் கேட்டார். ஒன்றுதான் என்றேன்.